ராஜா குதிரைபோல் தாவலாமா?

ஆற்றங்கரைத் தோட்டம், தம்பின்
9-5-2603

அன்புள்ள பூரணம் அக்காவுக்கு,

ஜப்பான்காரர் கணக்கில் ஆண்டை இனி இப்படித்தான் போட வேண்டுமாம். என் கை இன்னும் 1943 என்றே எழுதப் போகிறது.

ரஹாங்கில் நீங்களும் அத்தானும் நலமா? அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. அம்மாவின் முழங்கால் மழை நாளில் மட்டும் வலிக்கிறது. நான் நலம். பள்ளிக்கூடம் இல்லாததால் மூளைக்குத்தான் உடம்பு சரியில்லை.

உங்கள் வீட்டில் தங்கிப் படித்த காலத்தில் அத்தானின் அலமாரியிலிருந்த சதுரங்கப் புத்தகத்தைப் படித்தேன் அல்லவா? அது இப்போது எனக்குப் பெரிய மதிப்பைத் தேடித் தந்திருக்கிறது. துரை ஓடிப்போனபோது விட்டுச்சென்ற சதுரங்கப் பலகையை, ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி அமிர்தலிங்கம் அண்ணா பங்களாவிலிருந்து எடுத்து வந்தார். ரப்பர் வெட்டு நின்றுபோனதால் காலியாகக் கிடக்கும் பால் ஸ்டோரில் ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம். அவருக்கு ஈடு கொடுப்பவர், வெட்டு ஆட்களை மேய்த்த மாயாண்டி மண்டோர் ஒருவர்தான். கறுப்பு யானை ஒன்று தொலைந்துவிட்டது. அதற்குப் பதில் அம்மாவின் நூல்கட்டை நிற்கிறது.

இப்போது எல்லாரும் இதன்மேல் பந்தயம் கட்டுகிறார்கள். உப்பு, தேங்காயெண்ணெய், விறகு. மாயாண்டியின் மனைவி பஞ்சாலை ஒரு முறத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறாள். ஆனால் ஒழுங்கே இல்லை. ஒருவர் யார் வெல்வார் என்று கட்டுகிறார். மற்றவர் அடுத்து எந்தக் காய் வெட்டுப்படும் என்று கட்டுகிறார். தொழிலாளர் லயத்துச் சன்னாசி சென்ற வாரம் இரண்டு பேர் மீதும் கட்டிவிட்டு, ஏன் ஒன்றும் கூடவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்தார்.

அத்தான் சிரம்பான் குதிரைப் பந்தயத்துக்குப் போனவராயிற்றே. பந்தயம் கட்ட முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். வெல்லும் ஆளைப் பார்ப்பதா, வென்றால் கிடைக்கும் பொருளைப் பார்ப்பதா? அவர் கையாலேயே எழுதினால் மகிழ்வேன். அவர் கையெழுத்தைப் பார்த்து வெகுநாளாயிற்று.

உங்கள் பதிலுக்குத் தபால்காரர் வரும் வழியையே பார்த்திருக்கும்,
தங்கை சரோஜினிதேவி


ரஹாங்
20-5-2603

அன்புத் தங்கச்சி சரோ,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் இருமலுக்கு ஆடாதோடை இலை கிடைத்தால் அவித்துக் கொடுக்கச் சொல். நான் சுகம். காய்ச்சல் வந்து போயிற்று. அம்மாவிடம் சொல்லாதே.

பந்தயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். போனால் அழுவாய் என்ற பொருளை வைக்காதே. அத்தானிடம் கேட்க முடியவில்லை. அவருக்கு வேலை அதிகம்.

மழையில் நனையாதே.

உன் அக்கா
பூரணம்


தம்பின்
6-6-2603

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டதா? அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கே எல்லாரும் நலம். மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று அமிர்தலிங்கம் அண்ணாவே கிழங்கு நிறமாகிவிட்டார் என்று அம்மா சொல்கிறாள்.

நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை, அக்கா. அத்தான் தந்த சிவப்பு நீலப் பென்சிலை மாயாண்டிமேல் கட்டிவிட்டேன். அவர் ஒவ்வொரு காயையும் தொடுமுன் அதை மன்னிப்புக் கேட்பதுபோல் பார்ப்பார். அது எனக்குப் பிடிக்கும். பிடிப்பதை வைத்துக் கட்டக் கூடாது என்று அத்தான் சொல்வாரோ? அந்த ஆட்டம் யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்ததால் பென்சில் முறத்திலேயே இருக்கிறது. சன்னாசி கட்டிய கோழியும் அங்கேதான். ஆட்டத்தின் நடுவே அது முட்டையிட்டுவிட்டது! முட்டை கோழிக்காரருக்கா, வெல்பவருக்கா, முறத்துக்காரிக்கா என்று ஒரே சண்டை. பஞ்சாலை, "வயித்துல புள்ளைய வெச்சிருக்கேன், எனக்குத்தான்" என்று அவித்துத் தின்றுவிட்டாள்.

இனி முக்கியமான செய்தி. ஏப்ரலில் நம் ஆட்களைச் சயாமில் ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள் அல்லவா? அவர்களை மேற்பார்க்க இன்னும் ஒருவரைத் தோட்டத்திலிருந்து கேட்கிறார்கள். இரட்டை அரிசி, கம்பளி, மூன்றே மாதம். அமிர்தலிங்கம் அண்ணாவும் மாயாண்டியும் அப்பாவிடம் வந்து கேட்டார்கள். அண்ணாவுக்கு நீலாயில் தாய்மாமன் வீட்டில் ஒண்டியிருக்கும் தன் தாயைத் தனி வீடு பார்த்து வைக்க ஆசை. மாயாண்டிக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு அரிசி வேண்டும்.

ஆகஸ்டு முதல் தேதி லாரி வரும். அதற்குள் பெரிய கிராணி என்ற முறையில் அப்பா ஒரு பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவரையே ஏற்றிவிடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கடைசியில் அப்பா, "ரெண்டு பேரும் விளையாடித் தீருங்கோ. வெல்லுறவர் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். ஜூலை முதல் ஞாயிறு ஆட்டம்.

அக்கா, அத்தான் ரயில்வேக்காரர். அவருக்குத் தெரிந்திருக்கும். சயாம் நல்ல இடமா? வெல்பவருக்குக் கிடைப்பது என்னவென்று தெரியாமல் எல்லாரும் பந்தயம் கட்டுகிறோம். போனவர்களில் ஒருவர்கூடக் கடிதம் போடவில்லை. எழுதத் தெரியாதவர்கள் என்கிறார் அப்பா. அவர்களில் ஒருவரான கந்தையாவுக்கு நானே எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தேனே?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
சரோ


ரஹாங்
18-6-2603

அன்புத் தங்கச்சி,

காய்ச்சல் இல்லை. நீ எல்லாரையும் பற்றி எழுதுவது எனக்குத் துணை.

பஞ்சாலைக்கு எத்தனையாவது மாதம்? அவள் பக்கத்தில் மாயாண்டி இருப்பது நல்லது. அமிர்தலிங்கத்தின் தாய்க்கும் ஒரே பிள்ளை அல்லவா?

■■■■■■■■■■■■■■■■■■■■
■■■■■■■■■■■■■■

சதுரங்கம் அவசரப்படும் ஆட்டம் இல்லை. அவசரப்படாமல் விளையாடச் சொல். மழையோ காய்ச்சலோ வந்தால் தள்ளி வைக்கலாம். அத்தானுக்கு வேலை அதிகம்.

உன் அக்கா
பூரணம்


தம்பின்
4-7-2603, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் உடம்பால் சுகம். மனத்தால் குழம்பியிருக்கிறோம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளின்மேல் கறுப்பு மை பூசியிருந்தது. மை கொட்டியிருக்கும் என்றாள் அம்மா. கொட்டிய மை இவ்வளவு நேராகவா நிற்கும்? அங்கே என்ன எழுதியிருந்தீர்கள்?

இன்று ஆட்டம் நடந்தது. அல்லது நடக்கவில்லை. எது சரியென்று எனக்குத் தெரியவில்லை.

பால் ஸ்டோரில் நிற்க இடமில்லை. கிராணிமார் வீடுகள் எல்லாம் அமிர்தலிங்கம் அண்ணாமேல். லயத்துக்காரர்கள் எல்லாம் மாயாண்டிமேல். முறம் நிரம்பிக் கோழிக்குத் தனியாகக் கயிறு கட்டியிருந்தார்கள். பாதி ஆட்டத்தில் அண்ணா தன் ராஜாவை இரண்டு கட்டம் நகர்த்தி, யானையை அதைத் தாண்டி மறுபக்கம் வைத்தார்.

"என்னா கெராணியாரே, ஒரே தடவையில ரெண்டு காயி நவுருது?" என்றார் மாயாண்டி.

"அது கோட்டை கட்டுறது, மாயாண்டி. வெள்ளைக்காரன்ட சட்டத்தில இருக்கு."

"வெள்ளைக்காரனே ஓடிட்டான். அவன் சட்டம் மட்டும் ஏன் நிக்குதாம்?" என்று சன்னாசி கத்த, ஸ்டோரே சிரித்தது.

மாயாண்டி தன் அடுத்த காயை நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் அவர் ராஜா மூலையில் மாட்டிக்கொள்ளும் நிலை வந்தது. உடனே அவர் ராஜாவைத் தூக்கிக் குதிரைபோல் தாவி வைத்தார்!

அண்ணா எழுந்து நின்றுவிட்டார். "இதென்ன பகிடி? ராஜா எங்கையாவது பாயுமோ?"

"எங்க ஊரு ஆட்டத்துல ராசா ஒரு தடவ தாவலாம். அதுவரைக்கும் யாரும் அவர மெரட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்க ரெண்டு காயி நவுத்துனீங்க, நான் தடுத்தனா?"

அக்கா, கோட்டை செல்லாது என்றால் வென்றவர் மாயாண்டி. தாவல் செல்லாது என்றால் வென்றவர் அண்ணா. இரண்டும் செல்லும் என்றால்? இரண்டுமே செல்லாது என்றால்? எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். கோழியும் பேசியது. அப்போது அப்பா, "பிள்ளைதானே புத்தகம் படிச்சவள்?" என்று என்னைக் கைகாட்டினார்.

நான் பயந்து, அத்தானின் புத்தகம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். காய்கள் அப்படியே இருக்கின்றன. கோழி ஏறாதிருக்கப் பலகைமேல் கூடை கவிழ்த்திருக்கிறோம். தயவுசெய்து புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள்: ராஜா குதிரைபோல் தாவலாமா? லாரி வர ஒரு மாதம்கூட இல்லை.

நடுவராகத் தவிக்கும்,
சரோ


ரஹாங்
13-7-2603

அன்புத் தங்கச்சி,

நான் நலம். எல்லாருக்கும் என் விசாரிப்பைச் சொல்.

புத்தகத்தைப் பார்த்தேன். வெவ்வேறு ஊர் வழக்கத்தில் பழகிய இருவர் ஆடினால் அந்த ஆட்டம் செல்லாது என்று போட்டிருக்கிறது. புதிதாக ஆட வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் இரண்டு பௌர்ணமி கழிய வேண்டும் என்றும் இருக்கிறது. அதுவரை யாரும் வென்றதாகச் சொல்லக் கூடாது. இதை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படி.

உன் அக்கா
பூரணம்


தம்பின்
18-7-2603

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஏனென்றால் நீங்கள் நலம் என்றுதான் எழுதுவீர்கள்.

சத்தமாகப் படித்தேன். பௌர்ணமி என்றதும் முதலில் சிரித்தவர் அமிர்தலிங்கம் அண்ணா. "வெள்ளைக்காரன் எப்ப தங்கச்சி பௌர்ணமி பாத்து விளையாடினவன்?" என்றார். எனக்கு முகம் எரிந்தது. அந்தப் புத்தகத்தை இரண்டு முறை படித்திருக்கிறேன், அக்கா. அதில் நிலவே இல்லை. கோட்டை கட்டுவது இருந்தது, படத்துடன்.

நேற்றுத்தான் ஒரு பௌர்ணமி. அடுத்தது ஆகஸ்டு நடுவில். அதற்குள் லாரி வந்து போய்விடும். இதை நீங்கள் யோசிக்கவில்லையா? அல்லது யோசித்துத்தான் எழுதினீர்களா?

நான் மாயாண்டிமேல் பென்சில் கட்டியதால் அவருக்குச் சாதகமாக ஏதோ செய்கிறேன் என்று கிராணிமார் வீடுகளில் பேசுகிறார்கள். லயத்திலோ, நான் கிராணி மகள், சாதிக்காரருக்குத்தான் பார்ப்பேன் என்று பேச்சு. புத்தகத்தைக் காட்டினால்தான் நம்புவோம் என்கிறார்கள். முட்டை விற்கும் செல்லம்மா வெள்ளிக்கிழமை ரயிலில் சிரம்பான் வந்து உங்கள் வீட்டுக்கும் வருவாள். அவளிடம் புத்தகத்தைக் கொடுத்தனுப்புங்கள். அத்தானுக்கு எவ்வளவு வேலை இருந்தாலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு கடிதத்திலும் அவருக்கு வேலை அதிகம் என்றே எழுதுகிறீர்கள்.

ஒன்றும் விளங்காத,
சரோ


ரஹாங்
வெள்ளிக்கிழமை

சரோ,

செல்லம்மா சமையலறையில் காத்திருக்கிறாள். அதனால் சுகம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்ததும் அடுப்பில் போடு. தபாலில் எழுதினால் திறந்து பார்க்கிறார்கள்.

புத்தகம் என்னிடம் இல்லை. மார்ச்சில் அரிசிக்கு விற்றுவிட்டேன். பௌர்ணமி நான் கட்டிய கதை.

அத்தானும் இங்கே இல்லை. அவரைச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரியில் ஒரு அட்டை வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு நெஞ்சு தாங்காது என்று உங்களிடம் சொல்லவில்லை. அங்கிருந்து தப்பி வந்த ஒருவரை இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்தேன். காலில் எலும்பு தெரியப் புண். அத்தானைப் பற்றி அவரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாந்திபேதியில் ஒரு கூடாரத்துக்கே ஆளில்லாமல் போகிறதாம், புதைக்கவும் ஆள் இல்லையாம் என்று மட்டும் சொன்னார்.

யாரும் வெல்லக் கூடாது, சரோ. இருவரிடமும் சொல். அப்பாவிடமும் சொல்.

பூரணம்


தம்பின்
5-8-2603
செல்லம்மா கையில்

என் அக்காவுக்கு,

சாப்பிடுகிறீர்களா? தனியாகவா படுக்கிறீர்கள்? எத்தனை கடிதத்தில் அத்தானைக் கேட்டு உங்களைக் குத்தியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை முதலில் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தாமே அடுப்பில் போட்டார். "எனக்கும் காதில விழுந்ததுதான், பிள்ளை. நான் ஒருத்தனைத் தெரிஞ்சு அனுப்பேலாது. அதுதான் ஆட்டம் அனுப்பட்டும் எண்டு விட்டன்" என்றார். நான் அடுப்புச் சாம்பலைக் கிளறிவிட்டேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா?

பிறகு பஞ்சாலையிடம் போனேன். அவள் அத்தானுக்காக அழுதாள். அன்று மாலையே மாயாண்டி ஆற்றுக்கு அப்பால் மரவள்ளிக் காட்டுக்குள் போய்விட்டார்.

கடைசியில் அமிர்தலிங்கம் அண்ணாவிடம் போனேன். அவரிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சொன்னார்: "முதல்ல பௌர்ணமி எண்டனீ. இப்ப வாந்திபேதி எண்டுறாய். அந்தக் கடிதத்தைக் காட்டு."

எரித்தாயிற்று என்றேன்.

"புத்தகமும் இல்லை, கடிதமும் இல்லை. நீ ஆரின்ர பக்கம் பென்சில் வைச்சனீ எண்டு எனக்குத் தெரியாதே? மாயாண்டிக்கு அரிசி தேவைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்கு என்ர சாவைச் சொல்லி வெருட்டாதை, தங்கச்சி."

அத்தான் போனதைச் சத்தியம் செய்து சொன்னேன். "அத்தான் அங்க நல்ல வேலையில இருப்பார். அதுதான் எழுத நேரமில்லை" என்றார். நீங்கள் எனக்கு எழுதியதையே அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

ஞாயிறு காலை லாரி வந்தது. மாயாண்டி வரவில்லை. ஆட வராதவன் தோற்றவன் என்று கிராணிமார் சொல்ல, லயத்துக்காரர்களும் தலையாட்டினார்கள். பிரச்சினை தீர்ந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா பெயரை எழுதும்போது அவர் கை ஆடவில்லை. ஆடும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முறத்திலிருந்து என் பென்சிலை எடுத்து என்னிடமே தந்தார். "இது நான் வெண்டது. இப்ப உனக்குத் தாறன். கோவமில்லை. மாயாண்டி வந்தா அந்தக் காயளைக் குழப்பவேண்டாம் எண்டு சொல்லு. ராஜா பாஞ்சது பிழைதான். வந்து காட்டுறன்."

லாரியில் முதலில் ஏறியவர் அவர்தான், அக்கா. கையை ஆட்டிக்கொண்டே போனார். நான் பந்தயமே கட்டாமல் இருந்திருந்தால் அவர் என்னை நம்பியிருப்பாரா? சும்மா நின்று பார்த்திருந்தால்? நீங்களாவது சொல்லுங்கள்.

சரோ


நீலாய்
28-10-2603

அன்பான பிள்ளை சரோஜினிதேவிக்கு,

பிள்ளையாரின் துணையால் நான் சுகமாயிருக்கிறேன். நீயும் பெற்றோரும் சுகமாயிருக்க வேண்டும். நான் அமிர்தலிங்கத்தின் தாய் வள்ளிநாயகி. இந்தக் கடிதத்தை அண்ணனின் பேரனைக் கொண்டு எழுதுவிக்கிறேன்.

மகன் போகுமுன் எனக்கு ஒரு கடிதம் எழுதினான். சதுரங்கத்தில் வென்று இந்த வேலை கிடைத்தது, பெரிய கிராணியாரின் மகள்தான் நடுவர், கெட்டிக்காரப் பிள்ளை என்று எழுதியிருந்தான். மூன்று மாதம் என்றான். இன்னும் நாலு நாளில் மூன்று மாதமாகிவிடும். ஒரு தபாலும் இல்லை. உங்களுக்கு ஏதும் வந்ததா? அவன் அன்றைக்கு நன்றாக விளையாடினானா? சின்ன வயதில் தோற்றால் சாப்பிட மாட்டான். அங்கே அவன் சுகமாகத்தான் இருப்பான், என்ன பிள்ளை?

பதிலை எதிர்பார்க்கும்,
வள்ளிநாயகி


தம்பின்
7-11-2603

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அப்பாவுக்குத்தான் இருமல் திரும்ப வந்திருக்கிறது, இராத் தூக்கம் இல்லை. மாயாண்டி மண்டோரின் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அவர்களும் உங்களை விசாரித்தார்கள்.

உங்கள் மகன் மிக நன்றாக விளையாடினார். அவர் கோட்டை கட்டியபோது தோட்டமே வாயைப் பிளந்தது. அது சரியான ஆட்டம்தான், புத்தகத்தில் படத்துடன் இருக்கிறது. மாயாண்டியின் ராஜா குதிரைபோல் தாவியது மட்டும்தான் கேள்வி. அதை வந்து தீர்க்கிறேன் என்று சொல்லிப் போனார். அதனால் காய்களை நாங்கள் தொடவில்லை. மாயாண்டி வாரம் ஒரு முறை கூடையைத் தூக்கித் தூசி தட்டிவிட்டு, காய்களைப் பார்த்தபடி நின்று போகிறார். விளையாட வா என்று சன்னாசி கூப்பிட்டாலும் போவதில்லை.

செல்லம்மாவிடம் ஒரு கோழி அனுப்பியிருக்கிறோம். உங்கள் மகன் வென்ற பந்தயப் பொருள் அது. நாலு நாளைக்கு ஒரு முட்டையாவது இடும். மாயாண்டிதான் கயிறு கட்டிக் கொடுத்தார்.

எங்களுக்கும் தபால் எதுவும் வரவில்லை. நீங்கள் கவலைப்படாமல் வேளைக்குச் சாப்பிடுங்கள். அவருக்கு அங்கே வேலை அதிகம்.

உங்கள் மகனின் பென்சிலால் எழுதும்,
சரோஜினிதேவி